சார்ஜ்: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். டைப் அடிக்க வருகிறவர்களைவிட, கையில் ஒரு இங்கிலீஷ் கடுதாசியோடு "இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லணும்" என்று வருகிறவர்கள்தான் அதிகம். பேங்க் நோட்டீஸ், ஆஸ்பத்திரி பில், கோர்ட்டு சம்மன், இலாகா மெமோ என்று எதை எடுத்தாலும் அதில் சார்ஜ் என்ற சொல் இருக்கும். ஒவ்வொன்றிலும் அதற்கு வேறு வேலை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறேன். சொல்லுக்கு அர்த்தம் மட்டும்தான் இங்கே கிடைக்கும். கேசு நடத்த வக்கீலைத்தான் பார்க்கணும்.

அண்ணே, சார்ஜுன்னா உள்ளபடி என்னதான் அர்த்தம்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

சுமை. வினையாக வந்தால், சுமையை ஏற்றுவது. லத்தீனில் கர்ருஸ் என்றால் வண்டி. கர்ரிகாரே என்றால் வண்டியில் பாரம் ஏற்றுவது. அது பழைய பிரெஞ்சுக்குப் போய், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. வரும்போதும் அதன் அர்த்தம் பாரம் ஏற்றுவதுதான். நாம் ஓட்டுகிற கார், கப்பலில் ஏற்றுகிற கார்கோ, தூக்கிச் செல்கிற கேரி எல்லாம் ஒரே குடும்பம். ஒருவருடைய மூக்கையும் காதையும் கூட்டி வரைகிற கேலிச்சித்திரத்துக்கு கேரிகேச்சர் என்று பெயர் வந்ததும் இந்த வழியில்தான். முகத்தில் அதிகப்படி பாரம் ஏற்றிவிட்டார்கள்.

எந்தக் கடுதாசியிலும் சார்ஜைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன ஏறுகிறது, யார் மேல் ஏறுகிறது? பணம் வாடிக்கையாளர் மேல் ஏறினால் கட்டணம். வேலை அதிகாரி மேல் ஏறினால் பொறுப்பு. பழி ஒருவர் மேல் ஏறினால் குற்றச்சாட்டு. பேட்டரியில் ஏறினால் மின்னூட்டம். கீழே வருகிற பதில்களில் பாதிக்கு இதுதான் சாவி.

இது இங்கிலீஷ்காரன் வார்த்தை. நம்ம தமிழ்ல இப்படி ஒரே சொல்லுல எல்லாம் வராதுல்லா?

ஒரே சொல்லில் வராது. ஆனால் நினைப்பு ஒன்றுதான். குற்றத்தையும் வரியையும் நாம் சுமத்துகிறோம். வண்டியில் பாரம் ஏற்றுகிற அதே ஏற்றத்தைத்தான் மின்னேற்றம் என்ற சொல்லிலும் வைத்திருக்கிறோம். பொறுப்பு என்பதே பொறு என்ற வினையிலிருந்து வந்தது; பொறுத்தல் என்றால் தாங்குதல். ஆங்கிலத்தோடு ஒட்டுறவே இல்லாத தமிழ், பழியும் பதவியும் மின்சாரமும் பாரம் என்றே எண்ணியிருக்கிறது. எனக்கு இந்தச் சொல்லில் பிடித்த விஷயம் இதுதான்.

பீஸு, சார்ஜு, காஸ்ட்டு, பிரைஸு, ஃபேர், ரேட்டு... எல்லாம் பைசாதானே, எதுக்கு இத்தனை பேரு?

எல்லாம் பைசாதான், எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. குளச்சலில் கரைக்கு வந்த மீன் ஏலத்தில் என்ன தொகைக்குப் போகிறதோ அது பிரைஸ், விலை. அந்த மீனைப் பிடிக்க ஆன டீசல், ஐஸ், வலை, ஆள்கூலி எல்லாம் சேர்ந்தது காஸ்ட், நாம் சொல்கிற அடக்கம். கூடைக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் ரேட், வீதம். அதை மார்த்தாண்டம் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க டெம்போக்காரர் வாங்குவதுதான் சார்ஜ். ஒரு வேலை செய்து கொடுத்ததற்கோ ஒன்றைப் பயன்படுத்தியதற்கோ கேட்கிற தொகை அது. பார்க்கிங், டெலிவரி, சர்வீஸ் என்பவற்றோடு அது ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

ஃபீ என்பது படித்துத் தேறியவரின் சேவைக்கும் ஓர் அனுமதிக்கும்: டாக்டர், வக்கீல், பள்ளிக்கூடம், பரீட்சை, நுழைவுச் சீட்டு. ஆள் பயணம் போகக் கொடுப்பது ஃபேர். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் போகக் கொடுப்பது ஃபேர். பாறையில் இறங்கி மண்டபத்துக்குள் நுழையக் கொடுப்பது ஃபீ. கரையில் காரை விட்டுப்போகக் கொடுப்பது சார்ஜ். பாதைக்குக் கொடுப்பது டோல், சுங்கம். அரசு கேட்பது டாக்ஸ், வரி. திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களில் அது கரம். தண்டனையாகக் கட்டினால் ஃபைன்.

ஃபேர் என்பதற்கு நம் தெற்கில் சத்தம் என்று ஒரு நல்ல சொல் உண்டு. வண்டிச்சத்தம் என்று கிழவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இப்போது ஆட்டோவில் ஏறி "சத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் டிரைவர் பாட்டுப் பெட்டியின் ஒலியைக் குறைத்துவிடுவார்.

'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்'னு போர்டு வச்சிருக்கான். அப்ப சார்ஜ் பண்ண ஃப்ரீயா, இல்ல எல்லாமே ஃப்ரீயா?

கட்டணம் இல்லை என்று அர்த்தம். சார்ஜ் பாயின்ட்டுக்கு மேலே அந்த போர்டு இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இலவசம், கட்டணமில்லா, விலையில்லா மூன்றும் இதற்குத் தமிழ். பொருளானால் விலையில்லா, சேவையானால் கட்டணமில்லா என்று எழுதுவது பொருத்தம். மகளிர் டவுன் பஸ் பயணத்தைக் கட்டணமில்லாப் பயணம் என்று எழுதியிருப்பதில் சொல் சரியாகவே விழுந்திருக்கிறது.

போனுக்கு சார்ஜ் போடுறதுக்கும் பைசாவுக்கும் என்னண்ணா சம்பந்தம்?

இடையில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. பழைய காலத் துப்பாக்கியில் ஒவ்வொரு தடவையும் மருந்தையும் குண்டையும் குழாய்க்குள் இட்டுக் கெட்டிக்கணும். அந்த ஒரு தடவைக்கான மருந்துக்குப் பெயர் சார்ஜ். திருவிழாவில் கதினா வெடி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இரும்புக் குற்றியில் மருந்தைப் போட்டு, மேலே செங்கல் பொடி இட்டு, கம்பியால் இடித்து இறுக்கி, வரிசையாக நிறுத்தித் திரியில் தீ வைப்பார்கள். குற்றிக்குள் இருக்கிறதே, அதுதான் சார்ஜ். வெடித்தபின் குற்றி காலி, மறுபடி நிறைக்கணும்.

18ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தை ஆராய்ந்தவர்கள் லெய்டன் ஜாடி என்ற கண்ணாடிப் பாத்திரத்தில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்தார்கள். தொட்டால் பட்டென்று அடித்துவிட்டுக் காலியாகிவிடும். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவர் காலத்தவர்களும் பீரங்கிக்காரர்களின் சொல்லையே இதற்கு எடுத்துக்கொண்டார்கள். ஜாடிகளை வரிசையாக இணைத்ததற்கு பிராங்க்ளின் வைத்த பெயர் பேட்டரி. அதுவரை பேட்டரி என்றால் பீரங்கி வரிசை. ஆக, ஃபோனுக்குள் நீங்கள் தூக்கி நடப்பது பெயரளவில் ஒரு பீரங்கிப் படை.

என் போன் 5000 எம்.ஏ.ஹெச். அதுவும் கரண்டு பில்லுல வர்ற யூனிட்டும் ஒண்ணா?

இல்லை. எம்.ஏ.ஹெச். என்பது மில்லி ஆம்பியர் மணி. அது சார்ஜின், அதாவது மின்னூட்டத்தின் அளவு. பாடப் புத்தகத்தில் மின்னூட்டத்துக்கு அலகு கூலூம். ஓர் ஆம்பியர் மணி என்பது 3600 கூலூம். உங்கள் ஃபோன் பேட்டரி 5 ஆம்பியர் மணி, அதாவது 18,000 கூலூம்.

மின்வாரியத்தின் யூனிட் வேறு. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அது ஆற்றலின் அளவு. முப்பந்தல் காற்றாலை கொடுப்பதும் கோதையாற்றுத் தண்ணீர் சுழற்றிக் கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான். உங்கள் ஃபோன் பேட்டரியில் சுமார் 20 வாட் மணி அடங்கும். சூடாகி வீணாவது போக, ஒரு யூனிட்டில் 40 தடவையாவது முழுக்க ஏற்றலாம். "நீ போனு போட்டுப் போட்டுத்தான் கரண்டு பில்லு கூடுது" என்று பிள்ளைகளைத் திட்டுகிற அம்மாக்கள் இதைக் கவனிக்கவும். பில்லில் கரண்ட் சார்ஜ் என்று இருப்பது மட்டும் பணம்.

தாசில்தார் சார்ஜ் எடுத்தாருன்னு சொல்லுகாங்களே, எங்கேருந்து எடுத்தாரு?

முன்பு இருந்தவர் கையிலிருந்து. பொறுப்பேற்றார் என்று தமிழில் எழுதுகிறோம். ஒருவர் ஒப்படைக்க, மற்றவர் ஏற்க, சாவி, பதிவேடு, இருப்புப் பட்டியல் எல்லாவற்றுக்கும் இருவரும் கையெழுத்துப் போடுவது நடைமுறை. ஓர் இடம் காலியாக இருந்து, வேறொரு அதிகாரி தன் வேலையோடு அதையும் பார்த்தால் முழு கூடுதல் பொறுப்பு. தலைமை ஆசிரியர் இல்லாத பள்ளியில் மூத்த ஆசிரியர் பார்த்துக்கொண்டால் ஹெச்.எம். இன்சார்ஜ், பொறுப்புத் தலைமை ஆசிரியர்.

நம் ஊர் சபைகளில் புதுப் போதகர் சேகரத்துக்கு வந்தாலும் சார்ஜ் எடுத்தார் என்றே பேசுகிறார்கள். அது தப்பில்லை, ஒரு போதகர் பொறுப்பில் இருக்கிற சபைக்கும் ஆங்கிலத்தில் சார்ஜ் என்ற பெயர் உண்டு. வெளிநாட்டில் தூதர் இல்லாதபோது தூதரகத்தைக் கவனிப்பவருக்கு ஷார்ஜ் தஃபேர் என்று பெயர். காரியங்கள் சுமத்தப்பட்டவர் என்பது அந்தப் பிரெஞ்சுத் தொடரின் பொருள்.

எனக்க மவன் பேர்ல சார்ஜ் ஷீட் போட்டாச்சுன்னு ஸ்டேஷன்ல சொல்லுகாங்க. அப்ப கேசு முடிஞ்சுட்டா? ஜெயில்தானா?

முடியவில்லை அம்மா, கோர்ட்டில் இனிமேல்தான் தொடங்குகிறது. மூன்று படி இருக்கிறது, மூன்றையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் நிறைய. முதலில் எஃப்.ஐ.ஆர்., முதல் தகவல் அறிக்கை: இப்படி ஒரு குற்றம் நடந்ததாகத் தகவல் வந்திருக்கிறது என்று போலீஸ் பதிவு செய்வது. இரண்டாவது சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை: விசாரித்து முடித்து, இவர்மேல் இன்ன குற்றம், இன்ன சாட்சி என்று போலீஸ் கோர்ட்டுக்குக் கொடுப்பது. மூன்றாவது, நீதிபதி அதைப் படித்துப் பார்த்து, வழக்கு நடத்த முகாந்திரம் உண்டென்றால் குற்றச்சாட்டு வனைவது. சட்டத்தின் கண்ணில் சார்ஜ் என்பது இந்த மூன்றாவதுதான். அதற்கும் பிறகு சாட்சி விசாரணை, வாதம், தீர்ப்பு.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதில் போலீஸின் அறிக்கைக்கு 193ஆம் பிரிவு. ஆள் காவலில் இருக்கும்போது 60 நாளுக்குள், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ 10 வருடமும் அதற்கு மேலும் சிறையோ விதிக்கக்கூடிய குற்றமானால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கிற உரிமை வந்துவிடும். நாளைக் குறித்து வைத்து வக்கீலிடம் கேளுங்கள்.

குற்றச்சாட்டு வனைதல் என்ற தொடரில் எனக்கு எப்போதும் ஒரு ரசனை. வனைவது குயவர் வேலை. சுங்கான்கடையில் பானை வனைகிறார்கள், கோர்ட்டில் குற்றச்சாட்டு வனைகிறார்கள். எந்தப் பிரிவு, எந்தத் தேதி, எந்த இடம் என்று கையால் பிடித்து உருக்கொடுக்கிற வேலையென்பதால் சொல் நன்றாகவே பொருந்துகிறது.

சார்ஜ் மெமோ வந்திருக்கு சாரே. போன்ல மொழிபெயர்த்துப் பாத்தா 'கட்டணக் குறிப்பு'ன்னு வருகு. எவ்வளவு கட்டணும்?

ஒரு பைசாவும் கட்ட வேண்டாம், பதில் எழுதணும். இது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. வேலையில் இருப்பவர்மேல் இலாகா சுமத்துகிற குற்றச்சாட்டு. தமிழ்நாடு அரசு ஊழியரானால் 17(ஏ) என்று இருக்கிறதா, 17(பி) என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் முன்னது சிறிய தண்டனைக்கான வழி. பின்னது சம்பளக் குறைப்பு, வேலைநீக்கம் வரைக்கும் போகக்கூடிய பெரிய வழி. பதில் கொடுக்க வேண்டிய கெடு கடுதாசியிலேயே இருக்கும்.

ஃபோன் மொழிபெயர்ப்பு பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிக்கிறது. தனியாகச் சார்ஜ் என்று அடித்தால் பெரும்பாலும் கட்டணத்தில்தான் போய் விழும். முழு வாக்கியத்தையும் அடித்துப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் முதல் கேள்வியில் சொன்ன இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.

லத்தி சார்ஜுல எந்தச் சுமையண்ணே ஏறுது?

முதுகில். விளையாட்டு போகட்டும், பாய்ந்து தாக்குவதற்குச் சார்ஜ் என்று பெயர் வந்தது ஆயுதத்தில் மருந்தேற்றித் தயாராவதிலிருந்து இருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். எதிரிமேல் தன் பாரம் முழுவதையும் கொண்டு மோதுவது என்று வைத்துக்கொண்டாலும் படம் தெளிவாக வரும். லத்தி சார்ஜ் நம் நாட்டுப் பக்கத்து ஆங்கிலம். லண்டன் பத்திரிகையானால் பேட்டன் சார்ஜ் என்று எழுதும். தமிழுக்குத் தடியடி என்ற சின்னச் சொல்லே போதும். துப்பாக்கிச் சூடு இதில் சேராது. 1954 ஆகஸ்ட் 11 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணையக் கேட்டவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்ததை இப்போது சிலர் ஆங்கிலத்தில் எழுதும்போது லத்தி சார்ஜ் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அன்று பாய்ந்தது குண்டு.

யானை சார்ஜ் பண்ணிச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கே?

துரத்திப் பாய்ந்தது என்று அர்த்தம். பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாற்றுப் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அதில் மாக் சார்ஜ் என்று ஒன்று உண்டு. காதை விரித்து, பிளிறி, நாலெட்டு ஓடிவந்து நின்றுவிடும், மிரட்டல்தான். எது மிரட்டல், எது நிஜம் என்று சோதித்துப் பார்க்க நிற்காதீர்கள்.

டிஸ்சார்ஜுன்னா ஆஸ்பத்திரியில வீட்டுக்கு விடுறது. ஆனா ரிப்போர்ட்டுல 'டிஸ்சார்ஜ் ஃப்ரம் தி வூண்டு'ன்னு இருக்கு. புண்ணை வீட்டுக்கு விட்டாச்சா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பாட்டி கேலிக்குக் கேட்கவில்லை. புண்ணிலிருந்து வடிகிற நீர், சீழ் என்று அர்த்தம். டிஸ் என்ற முன்னொட்டு சேர்ந்தால் ஏற்றியதை இறக்குவது. தலைச்சுமையோடு நடந்தவர் வழியோரச் சுமைதாங்கிக் கல்லில், யாருடைய கையும் பிடிக்காமல், பாரத்தை அப்படியே சாய்த்து வைப்பதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் எங்கே வந்தாலும் அந்தச் செய்கைதான். ஆஸ்பத்திரி நோயாளியின் பொறுப்பை இறக்கி வைக்கிறது. டாக்டர் வேண்டாமென்றும் நீங்களாகக் கூட்டிக்கொண்டு போனால், மருத்துவ ஆலோசனைக்கு எதிராக டிஸ்சார்ஜ் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்த நிமிடத்தில் சுமை உங்கள் தலையில்.

மேகம் மின்னலாக இறக்குவது மின் டிஸ்சார்ஜ். கடனை அடைத்தால் கடன் டிஸ்சார்ஜ். மழைக்காலத்தில் பேச்சிப்பாறை 48 அடியை நெருங்கும்போது செய்தியில் வருகிற டிஸ்சார்ஜ், அணையிலிருந்து நொடிக்கு எத்தனை கன அடி வெளியேறுகிறது என்ற கணக்கு. ஆற்றோரம் குடியிருப்பவர்கள் நீர்மட்டத்தைவிட இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

கோர்ட்டுல 'டிஸ்சார்ஜ்' ஆச்சுன்னா விடுதலைதானே? எதுக்கு வக்கீல் 'அக்விட்டல்' வேற, இது வேறன்னு சொல்லுகாரு?

வக்கீல் சொல்வது சரி. மேலே மூன்று படி சொன்னேனே, அதில் மூன்றாவது படிக்கு முன்பே, "இந்தச் சாட்சியங்களை வைத்துக் குற்றச்சாட்டு வனையவே வழியில்லை" என்று நீதிபதி அனுப்பிவிட்டால் டிஸ்சார்ஜ், விடுவிப்பு. குற்றச்சாட்டு வனைந்து, சாட்சி விசாரித்து, குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு வந்தால் அக்விட்டல், விடுதலை.

வேறுபாடு பின்னால் தெரியும். முறையாக நடந்த விசாரணையில் விடுதலையானவர்மேல் அதே குற்றத்துக்கு மறுபடி விசாரணை நடத்த முடியாது. விடுவிப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. புதுச் சாட்சியம் கிடைத்தால் வழக்கு திரும்ப வரலாம். வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

சர்சார்ஜுன்னா எக்ஸ்ட்ரா கட்டணம்தானே? சொசைட்டி செக்ரட்டரிக்கு எதுக்கு சர்சார்ஜ் நோட்டீஸ்?

சர் என்றால் மேலே. பாரத்துக்கு மேல் பாரம். வரிக்கு மேல் வரியும் தாமதத்துக்கான கூடுதல் தொகையும் அப்படித்தான். கூட்டுறவுச் சங்கத்தில் கதை வேறு. சங்கப் பணத்துக்கு நஷ்டம் உண்டாக்கியவரிடமிருந்தே அதை வசூலிக்கிற நடவடிக்கை அது. 1983ஆம் வருடத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 87ஆம் பிரிவு, தமிழில் தண்டத்தீர்வை. கரண்டு பில்லில் வருகிற சர்சார்ஜ் என்று நினைத்து மேசையில் போட்டுவைக்கிற கடுதாசி இல்லை.

ப்ளஸ் டூ கிராமர்ல சார்ஜுக்குப் பின்னால 'ஃபார்', 'வித்', 'அட்' எல்லாம் வருகு. எதைப் போடணும்ணு எப்பிடிக் கண்டுபிடிக்க?

மனப்பாடமாகவே வைத்துக்கொள், மக்களே. ஃபார் வந்தால் பணம்: அதற்காகக் கட்டணம் வாங்கினான். வித் வந்தால் பழி அல்லது பொறுப்பு: திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டான். அட் வந்தால் பாய்ச்சல்: காளை அவனைப் பார்த்துப் பாய்ந்தது. டு வந்தால் கணக்கு: இந்தத் தொகையை அவர் கணக்கில் எழுது.

இதைவிடச் சிக்கலானது ஒரு சின்ன 'தி'. 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பாளர். 'இன் தி சார்ஜ் ஆஃப்' என்றால் ஒருவருடைய பொறுப்பில் விடப்பட்டவர். நர்ஸ் குழந்தைக்கு முன்னது, குழந்தை நர்ஸுக்குப் பின்னது. 'தி'யை விட்டுவிட்டால் கைக்குழந்தை வார்டை நிர்வாகம் பண்ணத் தொடங்கிவிடும். அப்படிப் பராமரிப்பில் இருக்கிற குழந்தையையே சார்ஜ் என்று சொல்கிற வழக்கமும் ஆங்கிலத்தில் உண்டு.

இங்கிலீஷ் பைபிள்ல யோவான்ஸ்நானன் தலையை 'சார்ஜர்'ல வச்சுக் கொண்டு வரச் சொல்லுகா. அப்பவே சார்ஜர் இருந்துதா?

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வருடந்தோறும் கேட்கிற கேள்வி. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் இருப்பது உண்மை. சார்ஜர் என்றால் பெரிய தட்டு. உணவைப் பாரமாக ஏற்றி வைக்கிற தட்டு. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் தாலம் என்று இருக்கும். போர்வீரன் ஏறுகிற குதிரைக்கும் சார்ஜர் என்று பெயர் உண்டு. மூன்றாவதுதான் நம் வீட்டுச் சுவரில் தொங்குவது.

சரக்கு, கார்கோ, சார்ஜ்... எல்லாம் ஒரே மாதிரி இருக்கே. தமிழ்ல இருந்து போனதாக்கும், இல்லியா?

கார்கோவும் சார்ஜும் உறவு. முதல் பதிலில் சொன்னேன். சரக்கு அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. கர்ருஸ் என்ற வண்டிச் சொல் லத்தீனுக்கு வந்தது கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டவர் பேசிய கெல்ட்டிய மொழியிலிருந்து. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக உறவு சொன்னால் எதையும் எதோடும் கட்டிவைக்கலாம். தமிழுக்குப் பெருமை வேறு இடங்களில் நிறைய இருக்கிறது.

இங்கிலீஷிலேயே அதிக அர்த்தம் உள்ள வார்த்தை இதுதானா?

இல்லை, இதைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற சொல்லுக்கு 430 அர்த்தம். புதுப் பதிப்பு வேலையில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் 645.

வீட்டு லோனுக்குப் பத்திரம் குடுத்தேன். 'உங்க சொத்தின் மேல் சார்ஜ் கிரியேட் ஆகியிருக்கு'ன்னு இங்கிலீஷ்ல கடுதாசி. புராசஸிங் சார்ஜெல்லாம் அப்பவே கட்டியாச்சே?

இது அந்தச் சார்ஜ் இல்லை. இங்கே சுமை ஏறியது உங்கள் வீட்டின்மேல். கடன் தீரும்வரை அந்தச் சொத்து கடனுக்குப் பிணை என்று அர்த்தம். வாய்ப்பேச்சில் வில்லங்கம்.

1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தில் அடமானத்துக்கு 58ஆம் பிரிவு, சார்ஜுக்கு 100ஆம் பிரிவு. அடமானத்தில் சொத்தின்மேல் ஓர் உரிமையே கடன் கொடுத்தவருக்கு மாறுகிறது; நம் பக்கத்து ஒற்றியில் அனுபவமும் சேர்ந்து போகும். சார்ஜில் உரிமை மாறாது, பாரம் மட்டும் ஏறும். நிலத்தை எழுதிக் கொடுத்தாயிற்று, வாங்கியவர் பாக்கி வைத்துவிட்டார் என்றால், அந்தப் பாக்கிக்கு நிலத்தின்மேல் விற்றவருக்கு இருப்பது சார்ஜ். லோனுக்காகப் பத்திரத்தை பேங்கில் ஒப்படைப்பது உள்ளபடி அடமானத்தில் சேரும். ஆனால் பேங்க்காரர்கள் கடுதாசியில் எல்லாவற்றையும் பொதுவாகச் சார்ஜ் என்றே எழுதிவிடுகிறார்கள்.

லோன் முழுக்க அடைச்சாச்சு. 'சார்ஜ் சாட்டிஸ்ஃபைடு'ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அவங்களுக்குத் திருப்தி, சரி. எனக்கு என்ன மிச்சம்?

இங்கே சாட்டிஸ்ஃபைடு என்றால் தீர்ந்தது. திருப்தியைப் பற்றிய பேச்சே இல்லை. கம்பெனிச் சட்டத்தில் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் ஆஃப் சார்ஜ் என்று தனியாகவே உண்டு. கம்பெனி பெயரில் கடன் இருந்து தீர்ந்தால் 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கணும்.

தனி ஆள் வீட்டுக்கு வேலை சார்பதிவாளர் ஆபீசில். பேங்கிலிருந்து மூலப் பத்திரத்தையும் பாக்கி இல்லை என்ற கடுதாசியையும் வாங்குங்கள். பத்திரம் ஒப்படைத்ததைப் பதிவு செய்திருந்தால், பேங்க் ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து அதையும் பதிவு செய்யணும். கடுதாசியைப் பெட்டியில் வைத்துவிட்டு இதை விட்டவர்கள், மகள் கல்யாணத்துக்கு இடம் விற்கப் போகும்போது வில்லங்கச் சான்றிதழில் பழைய கடன் அப்படியே நிற்பதைக் கண்டு திரும்ப பேங்குக்கு ஓடுகிறார்கள். அதற்குள் கிளை மாறியிருக்கும், மேனேஜரும் மாறியிருப்பார். ரசீதைப் பதிந்த பிறகு ஒரு வில்லங்கச் சான்றிதழ் போட்டு, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.